விசில் அண்ணாச்சியோடு ஐந்தருவிக்கு நடந்த கதை

பூமியில் நடமாடிய மனிதர்களிலேயே அடுத்தவனை அதிகம் படுத்தி எடுத்தவர் எங்கள் தெரு விசில் அண்ணாச்சிதான். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆனபோது தோல்பையைத் திருப்பிக் கொடுத்தார்; விசிலைக் கொடுக்கவில்லை. தென்காசி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கக் கிளம்பினாலும் வாசலில் இரண்டு விசில். கடை வந்ததும் ஒரு விசில். பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள் பிரேக் போட்டுவிட்டுத் திட்டுவார்கள்.

எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்த நேரம். "நடந்தால்தான் பிழைப்பீர்கள்" என்றார் டாக்டர். நடந்தால்தானே நெஞ்சு படபடக்கும் என்று நான் கேட்டைத் தாண்டவில்லை. பல்லி கத்தினால் நாடி பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன். ஆறு மாதம் பொறுத்த மனைவி அண்ணாச்சியிடம் போனாள்.

"இவுகள எங்கனயாவது நடத்திக் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. வீட்ல கெடந்து என் உசுர வாங்குதாக."

இரண்டு மாதம் தெருத்தெருவாக இழுத்தார். அத்தோடு விட்டாரா?

"ஆலங்குளத்துல இருந்து ஐந்தருவி வரைக்கும் நடப்போம்வே."

"எதுக்கு அண்ணாச்சி?"

"முப்பது வருஷம் அந்த ரூட்ல போயிருக்கேன். ஆளுக மூஞ்சியத்தான் பாத்தேன். ரோட்ட ஒருநாளும் பாக்கல."

டாக்டர் தடுப்பார் என்று நம்பிப் போனேன். அந்தப் பாவி "மெதுவா போயிட்டு வாங்க" என்று சிரித்தார்.

விடியற்காலை பஸ்ஸில் ஆலங்குளம் போய் இறங்கினோம். இரண்டு விசில். நடை கிளம்பியது. அரைமணி நேரத்தில் எனக்கு நாக்கு வறண்டது.

"அண்ணாச்சி, தண்ணி குடிச்சிக்கிடுதேன்."

"அடைக்கலப்பட்டணத்துல குடிக்கலாம். நடுவுல நிப்பாட்டுனா செக்கிங்ல கேப்பான்."

"எந்தச் செக்கிங்?"

"பேசாம வாரும்."

வழியில் நிழற்குடை ஒன்று. உள்ளே இரண்டே பேர், சிவனே என்று உட்கார்ந்திருந்தார்கள். "உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள தள்ளி!" என்று அதட்டிவிட்டுத்தான் தாண்டினார். அவர்களும் பயந்து தள்ளி உட்கார்ந்தார்கள்.

பாவூர்சத்திரம் நெருங்கும்போது இடது பக்கம் நெஞ்சில் சுருக்கென்றது. ரோட்டோரம் சாய்ந்துவிட்டேன். "போச்சு அண்ணாச்சி. அவகிட்ட சொல்லிருங்க..." மரண வாக்குமூலம் பாதியில் இருக்கும்போது அவர் என் சட்டைப் பைக்குள் கையை விட்டார். நெஞ்சில் மூலை குத்திக்கொண்டிருந்த மாத்திரை டப்பாவை எடுத்தார். வலி நின்றது.

"உம்ம மருந்தே உம்மக் கொல்லுதுவே. எந்திரியும்."

தென்காசி வந்தபோது மதியம் திரும்பிவிட்டது. என் வீடு இரண்டே தெரு தள்ளி. தப்பித்தேன் என்று நினைத்து, "என் ஸ்டாப் வந்திருச்சு, எறங்குதேன்" என்றேன். திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி ஒரு கடைப்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பந்து மாதிரி வீங்கியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"ஆட்டோ கூப்பிடவா?"

"இம்புட்டு தூரம் நடந்துட்டு கடைசி ஸ்டேஜுக்கு வண்டியா? நீரு வீட்டுக்குப் போம்வே. நான் மெல்ல அருவியப் பாத்துட்டு வாரேன்."

மனுஷனா இவர்! ஆத்திரம் பொங்கியது. இரண்டு தெருவில் கட்டில், ஃபேன், காபி. ஐந்தருவியோ மேலகரம் தாண்டி, குற்றாலம் தாண்டி. மெல்ல வருவாராம். நொண்டியே போய் எங்காவது விழுந்து தொலைப்பார்.

"எந்திரியும்வே!" என்றேன். அவரை 'வே' என்றது அதுதான் முதல் தடவை. மனுஷன் ஆச்சரியத்திலேயே எழுந்துவிட்டார். அவர் கையை எடுத்து என் தோளில் போட்டேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தேன். அவர் பாரம் முழுக்க என்மேல். நெஞ்சு படபடவென்றுதான் அடித்தது. அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

ஐந்தருவி இரைச்சல் கேட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. கடைக்காரர் ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி உட்காரவில்லை. அருவியைப் பார்த்தபடியே நின்றார். என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

நானும் எடுக்கச் சொல்லவில்லை.