கம்பவுண்டருக்கு ஊசி

"வலியா? எந்த வலி?" என்றார் கம்பவுண்டர்.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை காலை அவருடைய முதுகில் ஊசி போட ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருப்பதை நினைவுபடுத்தத்தான் அவள் பேச்சை எடுத்திருந்தாள்.

"இடுப்பு வலிங்க. உக்காந்தா எந்திரிக்க முடியலை, எந்திரிச்சா உக்கார முடியலைன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கீங்களே, அது."

"ஓ, அதுவா? அது போயிடுச்சே. நேத்துல இருந்து இல்லை."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

சொன்னதற்குச் சாட்சியாக நாற்காலியை விட்டு விருட்டென்று எழுந்தும் காட்டினார். இடுப்பில் கிளம்பிய வலி இடது கால் பெருவிரல் வரை போய்ச் சேர்ந்தது. புன்னகையை மட்டும் கீழே விழாமல் பிடித்துக்கொண்டார்.

அவர் ஊசியைக் காணாதவர் இல்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாயையும் ஆட்டையும் மேசைமேல் தூக்கி வைப்பது, அசையாமல் பிடித்துக்கொள்வது, டாக்டரம்மா வேறு வேலையாக இருந்தால் ஊசியையும் தானே போட்டுவிடுவது, இதுதான் அவர் பிழைப்பு. இடுப்பு போனதும் அதனால்தான். நடுங்குகிற ஒவ்வொரு பிராணியின் காதையும் தடவி, "ஒண்ணுமில்லடா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பார். அடுத்த நொடி அது போடுகிற கூச்சல் தெருமுனை வரை கேட்கும்.

இடுப்பைப் பார்த்த டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் விளக்கினார்.

"மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாச்சு, உடற்பயிற்சியும் பண்ணிப் பார்த்தாச்சு. இனி, தண்டுவடத்தைச் சுத்தி இருக்கற இடத்துல மருந்தைப் போட்டுப் பார்க்கலாம். நரம்புல இருக்கற வீக்கம் வடிஞ்சா வலி குறையும். ஒரேயடியா தீர்ந்துடும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு மாசக்கணக்குல நல்லா இருக்கும், சிலருக்கு அவ்வளவா கேக்காது. வலி குறைஞ்சிருக்கற சமயத்துல பயிற்சி பண்ணி இடுப்பைப் பலப்படுத்திக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"ஊசி எவ்வளவு நீளம் டாக்டர்?"

"அது உங்க முதுகுப் பக்கம்தானே இருக்கப் போகுது, நீங்க எங்க பார்க்கப் போறீங்க?" என்று டாக்டர் சிரித்தார். "பயப்படாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

அந்த நொடியே கம்பவுண்டர் முடிவு செய்துவிட்டார், அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று. அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. திரும்பி வரும்போது அங்கிருந்த நர்ஸ் அவர் மனைவியைப் பார்த்து, "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டதும், இவளுக்குப் போகிற இடமெல்லாம் சிநேகிதம் என்று நினைத்துக்கொண்டதும்தான் நினைவில் இருந்தன.

ஆனால் பொய்யைச் சொன்னபிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. மனைவி மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நிஜமாவா சொல்றீங்க? எனக்காகச் சொல்லலையே?"

"உனக்காக ஏன் சொல்றேன்?"

"எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்லை."

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. இந்த வெளிச்சத்தை இனி எப்படி அணைப்பது? பொய்யை இன்னும் கொஞ்சம் பலப்படுத்துவதே நல்லது என்று கம்பவுண்டருக்குப் பட்டது. சட்டையைத் தூக்கி, இரவும் பகலும் கட்டியிருந்த இடுப்புப் பட்டியை அவிழ்த்து மேசைமேல் போட்டார்.

"இது இனிமே எதுக்கு?"

அவள் அதை இரண்டு கையாலும் எடுத்து, நீவி, மடித்து உள்ளே கொண்டுபோனாள். "ஆஸ்பத்திரியில வாங்கின நேரத்தைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. அதை நான் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கம்பவுண்டர் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் ஸ்பிரிட் வாசனை அடித்தது. தன் சட்டையை முகர்ந்து பார்த்தார், கழற்றித் துவைக்கப் போட்டார். வாசனை அப்போதும் போகவில்லை. ஆஸ்பத்திரி உடம்பிலேயே ஊறிவிட்டது என்று நொந்துகொண்டு குளிக்கப் போனார்.

அன்று மாலை ஆரம்பித்தது வினை.

"என்னங்க, அந்தத் தண்ணி கேனைக் கொஞ்சம் மேல தூக்கி வைக்கிறீங்களா? உங்களுக்குத்தான் இப்ப ஒண்ணும் இல்லையே."

இரண்டு வருடமாக அவரை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடாதவள் அவள். செருப்பைக்கூடக் காலால் நகர்த்தி அவர் காலடியில் கொண்டுவந்து வைப்பாள். அப்படிப்பட்டவள் ஆசையாக முதல்முறை ஒரு வேலை சொல்லும்போது முடியாது என்று எந்த வாயால் சொல்வது? அவள் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து, பாதித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கேனைத் தூக்கி வைத்தார். மறுநாள் காலையிலேயே தண்ணீர் தீர்ந்து, அடுத்த கேன் வந்து வாசலில் நின்றது.

"ஒரே ராத்திரியில எப்படிங்க தீர்ந்துச்சு?"

"எனக்கு இப்பல்லாம் தாகம் அதிகமா இருக்கு," என்றார்.

தாகம் அதிகம் என்றால் சர்க்கரையாக இருக்குமோ என்று அவள் பயந்துபோய், அன்றைக்கு அவருடைய காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். கசந்த காப்பியைக் குடித்துவிட்டு முழுக் கேனையும் தூக்கினார். உயிர் போய் உயிர் வந்தது. பட்டி இல்லாமல் இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று தெரிந்தது.

"ஆமா, அந்த இடுப்புப் பட்டி எங்க வச்சே?" என்று எதேச்சையாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அதுவா? ஒருத்தங்களுக்குத் தேவைப்பட்டுது. குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ரொம்ப நாளா இடுப்பு வலிங்க, பாவம். நீங்கதான் இனிமே எதுக்குன்னு கேட்டீங்களே."

கம்பவுண்டர் திருதிருவென்று விழித்தார். பட்டிக்கு வேறு வழி தேடவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி அலமாரியில், யாரோ மறந்துவிட்டுப்போன நாய்ப் பட்டை ஒன்று கிடந்தது. பெரிய ஜாதி நாயின் மார்பையும் வயிற்றையும் சுற்றிக் கட்டுகிற தடித்த பட்டை. அதைச் சட்டைக்குள் கட்டி, கொக்கியை இறுக்கிக்கொண்டார். முதுகு கம்பம்போல் நிமிர்ந்துவிட்டது.

"எவ்வளவு நிமிர்ந்து நடக்கறீங்க," என்று மனைவி பூரித்துப்போனாள். "அப்படியே இந்த ஈரப் போர்வையெல்லாம் மாடிக்குக் கொண்டுபோய்க் காயப் போட்டுடுங்களேன்."

போர்வைகள் மாடிக்குப் போயின. ஒவ்வொரு படியிலும் கம்பவுண்டர் தன் நாக்கைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

அவள் ஏன் இப்படி மாறிவிட்டாள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் எழத்தான் செய்தது. தானாக ஒரு பாத்திரத்தை நகர்த்தவில்லை. கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்கக்கூட அவரைக் கூப்பிட்டாள். இரண்டு வருடம் செய்த சேவகத்துக்கு வட்டியும் முதலுமாக வாங்குகிறாள்போல என்று ஒரு நொடி நினைத்தார். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டார். வாங்கட்டுமே, அவளுக்கும் உரிமை இருக்கிறது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் குட்டி வந்தது. பெயர்தான் குட்டி. நாய் கன்றுக்குட்டி அளவு இருக்கும். தடுப்பூசி என்றால் எப்படித்தான் தெரியுமோ, வந்ததும் மேசைக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டது.

"அண்ணே, கொஞ்சம் வெளிய கூட்டிட்டு வாங்க," என்றாள் டாக்டரம்மா.

குனிய முடியாத கம்பவுண்டர் நின்றபடியே, "வாடா குட்டி, ஒண்ணுமில்லடா, எறும்பு கடிச்ச மாதிரிதான்," என்றார். குட்டி தலையை மட்டும் தூக்கி அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையின் அர்த்தம் அவருக்கு முதல்முறையாக முழுதாகப் புரிந்தது.

பிறகு என்ன தோன்றியதோ, தானாகவே வெளியே வந்தது. நேராக அவரிடம் வந்து வயிற்றை முகர்ந்தது. சட்டையின் கீழ்ப்பக்கத்தைப் பல்லால் பிடித்து இழுத்தது. உள்ளேயிருந்து ஓர் இரும்பு வளையம் எட்டிப் பார்த்தது.

குட்டியின் சொந்தக்காரர் குனிந்து பார்த்தார். "இது எங்க குட்டியோட பட்டை மாதிரி இருக்கே. போன தடவை இங்கதான் எங்கயோ விட்டுட்டோம்."

"அதுதான் பத்திரமா வச்சிருந்தேன்," என்றார் கம்பவுண்டர்.

"இவ்வளவு பத்திரமாவா?"

சட்டையைக் கழற்றிப் பட்டையை உரியவரிடம் ஒப்படைக்கவேண்டியதாயிற்று. குட்டி அதை அணிந்துகொண்டு கம்பீரமாக ஊசி போட்டுக்கொண்டது. ஒரு முனகல்கூட இல்லை.

எல்லோரும் போனபிறகு டாக்டரம்மா கேட்டாள். "அண்ணே, ஊசிக்குப் பயந்துக்கிட்டா இந்தக் கூத்து?"

"பயமா? எனக்கா?" என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஆமாம்மா," என்றார்.

"அண்ணிகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"எப்படிம்மா சொல்றது? வலி போயிடுச்சுன்னு சொன்னதும் அவ முகத்தைப் பார்த்திருந்தா நீயும் சொல்ல மாட்டே."

அன்று மாலை மனைவியின் தோடு ஒன்று கழன்று அலமாரிக்குப் பின்னால் உருண்டுபோயிற்று.

"நீங்களே கொஞ்சம் நகர்த்தி எடுத்துக் குடுங்களேன்," என்றாள்.

இரும்பு அலமாரி. பட்டியும் இல்லை, பட்டையும் இல்லை. கம்பவுண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளினார். அலமாரி ஒரு சாண் நகர்ந்தது. குனிந்தார். தோடு விரலுக்கு எட்டியது. நிமிர மட்டும் முடியவில்லை.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் அப்படியே நிக்கறீங்க?"

அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை சொட்டித் தரையில் விழுந்தது. அவள் பதறி அருகே வந்தாள். அவரைத் தாங்கக் குனியப் போனவள், பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். தூக்கிவிடக்கூட மனம் வரவில்லையே இவளுக்கு என்று தரையைப் பார்த்தபடியே கம்பவுண்டர் நினைத்தார். இதுவும் வேண்டியதுதான்.

"பொய் சொல்லிட்டேன்மா," என்றார். "வலி ஒரு நாள்கூடப் போகலை. ஊசிக்குப் பயந்துக்கிட்டு சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை அவர் தலையைத் தேடி வந்து கோதியது.

"அப்ப அந்தக் கேனு? போர்வை? எல்லாமே வலியோடதானா செஞ்சீங்க?"

"நீ ஆசையா சொன்னே. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களைப் போய் இப்படி வேலை வாங்கிட்டேனே. எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்லை, இப்ப வேண்டாம். இப்பச் சொன்னா நீங்க அதையே சாக்கா வச்சு ஊசி வேண்டாம்னுடுவீங்க. முதல்ல போட்டுக்கிட்டு வாங்க. நான் சொல்றேன் கேளுங்க, அவ்வளவு பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லை. குப்புறப் படுக்கச் சொல்வாங்க. வயித்துக்குக் கீழ ஒரு தலைகாணி. முதல்ல மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, அதுதான் கொஞ்சம் சுருக்குனு இருக்கும். அப்புறம் யாரோ விரலால அழுத்தற மாதிரிதான். கண்ணை மூடிக்கிட்டு ஏதாவது நல்லதா நினைச்சுக்கங்க, முடிஞ்சிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு டாக்டர் சொன்னாரே. நீங்கதான் காதுலயே வாங்கலை."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று, டாக்டரின் எறும்பைவிட நம்பும்படியாக இருந்தது. கம்பவுண்டர் தலையை ஆட்டினார்.

புதன்கிழமைக்கு வேறு நேரம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எல்லாமே அவள் சொன்னபடிதான் நடந்தது. அவள் வெளியே காத்திருந்தாள். நர்ஸ் வயிற்றுக்குக் கீழே தலையணையைத் தள்ளி, தோளைத் தட்டி, "ஒண்ணுமில்லை சார்," என்று தேற்றினாள்.

"அம்மா, நானும் இதே தொழில்தான்," என்றார் கம்பவுண்டர் தலையணைக்குள்ளிருந்து. "காதைத் தடவறதா இருந்தா தாராளமா தடவிக்கங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். சுருக்கென்றது. பிறகு யாரோ விரலால் அழுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டு நல்லதாக நினைக்கப் பார்த்தார். வலி போயிற்று என்று கேட்டதும் மலர்ந்த முகம்தான் வந்து நின்றது. அந்த முகத்துக்கு இனி உண்மையாகவே ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "முடிஞ்சுது," என்றார் டாக்டர்.

கம்பவுண்டருக்கு வெட்கமாக இருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நாளைக்கே குட்டியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாலும் தகும்.

சற்றுநேரம் படுக்கவைத்துவிட்டு, நர்ஸ் அவரை எழுப்பி உட்காரவைத்தாள்.

"ஒரு வாரத்துக்கு எதையும் தூக்கக்கூடாது சார். தண்ணி கேன், பக்கெட், எதுவும் கூடாது. குனிஞ்சு நிமிர்ற வேலையும் வேண்டாம். எல்லாத்தையும் வீட்டுல வேற யாராவது பார்த்துக்கணும்."

"அதுக்கென்ன, வீட்டுக்காரி இருக்கா," என்றார் கம்பவுண்டர். சொல்லும்போதே மனம் நிறைந்தது. "வெளியிலதான் உக்காந்திருக்கா. அவ பார்த்துப்பா."

நர்ஸ் கதவு வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவங்க எப்படி சார் தூக்குவாங்க? வீட்டுக்காரருக்கு வலி போகட்டும், அதுவரைக்கும் நான் படுத்தா அவரை யார் பார்த்துக்கறதுன்னு ஒரு வருஷமா இந்த ஊசியைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தவங்க, உங்களுக்கு சுத்தமா போயிடுச்சுன்னு போன வெள்ளிக்கிழமை சிரிச்சுக்கிட்டே வந்து, உங்களுக்கு வாங்கின நேரத்துல, இதே கட்டில்லதான் அவங்க போட்டுக்கிட்டுப் போனாங்க."