புங்கங்காய் கொள்ளப்போன படலம்

மண்ணெண்ணெய்க் குலத்தின் மமதையை அடக்கப் பிறந்தவனும், புங்கவிதை பிழிந்த எண்ணெயால் ஆகாய விமானத்தையே பறக்கவிடுவேன் என்று ஆய்வுக்கூடத்தில் சூளுரைத்தவனும், தலைக்கவசம் தரித்தவனும், சாக்குப்பை ஏந்தியவனுமாகிய போத்தனூர் மிதுன் நீடு வாழ்க!

அன்று காலை பத்து மணிக்குள் ஒரு மூட்டைக் காய் கல்லூரியின் எண்ணெய் பிழியும் எந்திரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். தவறினால் அடுத்த பருவம்வரை அவனுக்கு முறை கிடையாது. மற்றத் தெருக்களின் மரங்களெல்லாம் முன்பே உதிர்த்து ஓய்ந்துவிட, ஒரேயொரு மரம் மட்டும் அள்ளக் குறையாமல் காய் சொரிந்துகொண்டிருந்தது. அம்மரம் நின்ற வீட்டுவாசலுக்கு அதிபதி, விளக்குமாறு என்னும் வெல்லற்கரிய படைக்கலம் தாங்கிய ராசாத்தாள். உதிர்ந்ததையெல்லாம் கூட்டிக் குவித்துக் குப்பை வண்டிக்குப் பலிகொடுப்பது அவள் நாள்தவறாத வேள்வி.

ஸ்கூட்டரை விட்டிறங்கிய நம் வீரன், வசைமாரி பொழியுமென்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, வாசலில் குவிந்திருந்த காய்களைச் சுட்டி முழங்கினான்: "ஏனுங்க அம்மா, இந்தக் காயை நான் எடுத்துக்கலாமுங்களா?"

அந்தோ, அவள் தொடுத்த கணை எந்தப் போர்நூலிலும் இல்லாதது. "தாராளமா எடுத்துக்கங்க கண்ணு. மொதல்ல உள்ள வந்து ரெண்டு தோசை சாப்புடுங்க."

"வேண்டாமுங்க" என்னும் கேடயத்தை அவன் மும்முறை உயர்த்தினான். மும்முறையும் அது பொடிப்பொடியாயிற்று. கொங்கு மண்ணில் பிறந்தவன் சாப்பிடக் கூப்பிட்ட வீட்டுக்கு முதுகு காட்டுவானா? உட்கார்ந்தான். முதல் தோசை தேர்ச்சக்கரமாய் வந்திறங்கியது. இரண்டாவது நெய்யில் நீராடி வந்தது. மணி ஒன்பதரையைத் தாண்ட, எழ முயன்றவன் தட்டில், "இன்னொண்ணு மட்டும் கண்ணு" என்ற போர்முழக்கத்தோடு மூன்றாவது வீழ்ந்தது. அப்போதுதான் தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டுக் கேட்டது. வாய் நிறையத் தோசையிருக்க, கூவவும் வழியில்லை.

வெளியிலோ, உள்ளே நடந்த பேச்சு ஒன்றும் அறியாத ராசாத்தாளின் கணவர் காளிச்சாமி, விருந்தாளியின் ஸ்கூட்டருக்கு வழி மறிக்கிறதே என்ற பெருங்கருணையால், அக்குவியல் முழுவதையும் கூடைகூடையாய்த் தம் கையாலேயே வாரிக் கொட்டி, வண்டியை வழியனுப்பிவைத்து, வெற்றிமுகத்தோடு உள்ளே வந்து அருளினார்: "உங்க வண்டி எடுக்கத் தோதா, எல்லாத்தையும் ஏத்திவுட்டுப்போட்டேனுங்க தம்பி."

ஆகாயத்தை ஆளவிருந்த எண்ணெய் உக்கடம் பக்கமாய் முக்குத் திரும்பி மறைய, ஓராண்டுக் கனவு காய்கறித் தோலோடு கலந்து நாற, அத்தம்பதியரின் மலர்ந்த முகங்களை மாறி மாறி நோக்கியவண்ணம் எழுந்து நின்றான் விண்ணூர்தி வேந்தன்.

கை கழுவிக்கொண்டு, தோசை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.