இல்லாத பிரேக்

"பயமா இருக்கா?"

"சே சே! எனக்கு வேகம்னா உயிர்."

கல்யாணமான புதிதில், ரயிலைப் பிடிக்கக் காரை விரட்டிய கணவர் கேட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் சொன்னாள். புதுப் பெண்டாட்டியின் சின்னப் பொய். அந்தப் பொய் இன்றைக்கும் நெடுஞ்சாலையில் நூற்று முப்பதில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வேலை பார்க்கும் நூலகத்தில் அவருக்கு 'ஆமை' என்று பெயர். டீ ஆறி, ஆடை கட்டிய பிறகுதான் வாயில் வைப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் புலி. பின்னால் வருகிறவன் விளக்கை மினுக்கிவிட்டால் போதும்.

"யாருகிட்டடா வழி கேக்கறே?" என்று முன்னால் போகிற ரெண்டு வண்டியையும் சேர்த்து முந்துவார். முந்திவிட்டு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்ப்பார்.

அவள் சிரிப்பாள். அப்போது அவள் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும். காரில் அவள் பக்கக் கால்மிதியில் மட்டும் ஓட்டை விழுந்த ரகசியம் அதுதான்.

'கொஞ்சம் மெதுவா போங்களேன்.' நாக்கு நுனிவரை வரும். ஊரே ஆமை என்கிற மனுஷன் ராஜாவாக இருக்கும் ஒரே இடம் இந்த இருக்கை. கிரீடத்தைச் சூட்டினவளே கழற்றுவதா? விழுங்கிவிடுவாள்.

இன்று அக்கா வீட்டுக்குப் போகிற வழியில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஊசியில் நூல் கோக்கிற மாதிரி புகுந்து வந்தார். அவளுக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது. வேகத்தைக் குறைக்கச் சாக்கு தேடினாள்.

"என்னங்க, அவசரமா பாத்ரூம் போகணும்."

"முன்னாடியே சொல்றதில்லையா? பிடிச்சுக்கோ!"

நூற்று நாற்பது.

பெட்ரோல் பங்கில் இறங்கி ஏறியதும் அடுத்த சாக்கு.

"அக்கா வெளியே போயிருக்காளாம். வர லேட்டாகுமாம். ஆற அமரப் போலாங்க."

"அப்படியா? அப்ப அந்தப் புது பைபாஸ்ல ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். காலி ரோடு, சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும். உனக்குத்தான் வேகம்னா உயிராச்சே!"

"ஐயோ, வேணாங்க! தலை சுத்துது!"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளிறியது. ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது அவளுக்கு நிஜமாகவே தலை சுற்றியது.

நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள்.

"கொஞ்சம் படபடப்புதாம்மா, வேற ஒண்ணுமில்ல." பிறகு பக்கத்தில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், முதல்ல நீங்க உக்காருங்க. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. கையைக் கொடுங்க."

பட்டை இறுகியது. நர்ஸின் புருவம் ஏறியது.

"என்ன சார், இந்த எகிறு எகிறுது! பேயைப் பார்த்தீங்களா?"

நர்ஸ் தண்ணீர் எடுக்கப் போனதும் அவர் மனைவியின் விரல்களைப் பற்றிக்கொண்டார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க."

"உனக்கு வேகம்னா உயிர். அதனாலதான் இத்தனை வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினேன். எனக்குப் பயமா இருக்கும்மா... இனிமே கொஞ்சம் மெதுவா போலாமா?"