படிப்புக்கு ரேட்டு சொல்பவர்

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த நாளில் தபால்காரருக்கும் முந்தி உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாரே, அவரை உங்களுக்குத் தெரியும். பாஸான பிள்ளை இருக்கும் வீடு எதுவானாலும் அங்கே அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், அதற்கு எவ்வளவு ஆகும், படித்து முடித்தால் எந்த ஊரில் என்ன சம்பளம் என்று எல்லாம் சொல்லுவார். காசு வாங்க மாட்டார். வாங்கினாலாவது திருப்பிக் கேட்கலாம். அவர் எடுத்துக்கொள்வதெல்லாம் ஒரு சாயாவும், நம் பிள்ளையின் ஆயுளில் ஒரு துண்டும்தான். இந்த இனத்துக்கு இலவசப் படிப்பாலோசகர் என்று பெயர் வைக்கலாம். எல்லா ஊரிலும் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் கிடைக்கும் வகையில் மட்டும் கொஞ்சம் மிளகு வாசனை அடிக்கும்.

நைனா முகம்மது அங்கே மிளகுத் தரகர். கிடங்குக்காரர்களுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும் நடுவில் நின்று காலை முதல் மதியம் வரை விலை பேசுவார். மதியத்துக்கு மேல் கடைத்தெரு அடங்கிவிடும், வாய் அடங்காது. அந்த மிச்ச வாயைத்தான் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குத் தானம் செய்திருந்தார். அவர் படித்தது நாலாம் ஃபாரம். அதிலும் கணக்குப் பரீட்சையன்று மட்டும் காய்ச்சல் வந்துவிடும், மூன்று வருஷமும் அதே நாளில். ஆனால் ஒருமுறை கோயம்புத்தூருக்கு ரயிலில் போனபோது, எதிர் பெஞ்சில் ஓர் எஞ்சினியரிங் காலேஜ் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அந்த ஐந்து மணி நேரம் போதாதா? அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்களைப் பற்றி நைனாவை எதிர்த்துப் பேச அந்தத் தெருவில் ஆளில்லை.

அவருடைய முறையே தனி. மார்க் லிஸ்டை வாங்கி உள்ளங்கையில் விரித்து, லேசாக ஒரு முறை ஊதிப் பார்ப்பார்; தூசு பறக்கிறதா என்று பார்ப்பது தொழில் பழக்கம். அப்புறம் நிலவரம் சொல்லுவார். பி.ஏ. இப்போது சரிவு, பி.காம். சுமார், டாக்டர் படிப்பு ஏறிக்கொண்டே போகும் ஆனால் ஆறேழு வருஷம் சரக்கைக் கிடங்கில் போட்டுவைக்கத் தெம்பு வேண்டும், எஞ்சினியருக்குப் பம்பாயில் நல்ல பிடி, வாத்தியார் வேலையா, அது சல்லடைக்குக் கீழே விழுகிற கழிவு. அதே தெரு முத்துராமலிங்கத்தின் மகன் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பாதியில் இறக்கிப் பாலிடெக்னிக்கில் ஏற்றினார். அங்கிருந்து இறக்கி டைப்ரைட்டிங்கில் ஏற்றினார். பையன் இப்போது எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளக்கிறான். ஜவுளிக்கு இனி நல்ல காலம் என்று நைனா அதையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இவர் வீட்டுக்கு அடுத்த சந்தில் பரீத் இருந்தார். மிளகு புடைத்துச் சுத்தம் செய்யும் கிடங்கு அவருடையது. நைனா சொன்ன நாளில் சரக்கை விற்று அவர் ஒருபோதும் நஷ்டப்பட்டதில்லை. மிளகில் தப்பாத வாக்கு படிப்பில் தப்புமா? பரீதின் தவறு அவ்வளவுதான். அவருடைய மகள் ஜலீலா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் ஃபர்ஸ்ட் கிளாஸில் பாஸானாள், கணக்கில் தொண்ணூற்றாறு. அந்தச் சந்தில் காலேஜ் வாசலை எட்டிப் பார்க்கும் முதல் பெண். பாலக்காட்டிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்து காத்திருந்தது. காலேஜில் இடம் கிடைத்தால் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் மழை விட்டதும் நிக்காஹ் என்று அவளுடைய அம்மா நசீபா சொல்லிவிட்டாள். ஜலீலாவுக்கு நடுவே வேறு வழி எதுவும் இல்லை.

பரீத் போட்டில் எர்ணாகுளம் போய் அப்ளிகேஷன் வாங்கிவந்தார். ஜூன் பதினெட்டு கடைசித் தேதி. பெயர், வயது, மார்க்கு எல்லாவற்றையும் ஜலீலா உருண்டையான எழுத்தில் எழுதினாள். எந்தக் குரூப் என்ற கோட்டை மட்டும் காலியாக விடும்படி நைனாவின் உத்தரவு. காலேஜின் முதல் இரண்டு வருஷமான பிரீ டிகிரியே அப்போது புதுசு. ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணக்கு, செகண்ட் என்றால் டாக்டருக்கு வழி, தேர்ட் சரித்திரம், ஃபோர்த் வியாபாரம். முதல் நாள் செகண்ட் என்றார். மறுநாள் ஃபோர்த் என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர் ஃபர்ஸ்ட் என்றபோது ஜலீலா பேனாவைத் திறந்தாள். சாயா வருவதற்குள் அதையும் மாற்றிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. மிளகு விலை தலைகால் தெரியாமல் துள்ளியது. நைனா கடைத்தெருவிலிருந்து நேரே பரீதின் வீட்டுக்கு வந்தார்.

"பரீதே, அப்ளிகேஷனைக் கொடுத்துடாதே. ரூபாவே இறங்கியாச்சு, நாளைக்கு எந்தப் படிப்பு ஏறும், எது இறங்கும்னு யாருக்கறியாம்? பிடிச்சு வை. ரேட்டு தெளியட்டும்."

"பதினெட்டாந் தேதி கடைசி அல்லே, இக்கா?"

"கடைசி நேரத்துலதான் நல்ல ரேட்டு வரும். முப்பது வருஷமா பார்க்கிறேன்."

மிளகில் அது சத்தியம். அந்த வாரம் பிடித்து வைத்தவர்கள் எல்லாம் லாபம் பார்த்தார்கள், பரீதும் பார்த்தார். அதே கையோடு மகளின் அப்ளிகேஷனையும் பெட்டியில் பூட்டிப் பிடித்து வைத்தார். மிளகு நாளைக்கும் மிளகுதான். தேதி போன அப்ளிகேஷன் பொட்டலம் கட்டத்தான் ஆகும். இதை அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். தெருவே மும்முரமாக மிளகைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

கொடுத்துவிடலாம் அத்தா என்று ஜலீலா இரண்டு முறை கேட்டாள். நைனா மாமாவுக்குத் தெரியாதா என்று இரண்டு முறையும் பதில் வந்தது. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை. அன்றைக்கு நைனா ஒரு கப்பல் சரக்கில் மாட்டிக்கொண்டு வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, நிலவரம் இன்னும் தெளியவில்லை என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஜலீலா தானே பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அத்தாவைப் படகுத்துறை ஜெட்டிக்கு நடத்திக்கொண்டு போனாள். போட்டில் வழியெல்லாம் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். யோசனை சொன்னவர் மேலா, அதைக் கேட்டவர் மேலா, கோட்டைக் காலியாக விட்ட தன் மேலா என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

காலேஜ் ஆபீஸில் இருந்த வயதான கிளார்க்கு மார்க்கைப் பார்த்தார், காலிக் கோட்டைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"மோளே, நினக்கு எந்தா படிக்கேண்டது?"

உனக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறார். மூன்று வாரமாக அந்த வீட்டில் ஆலோசனை நடந்தது. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. "கணக்கு" என்று ஜலீலா உடனே சொன்னாள். ஏன் என்று கேட்டிருந்தால், வேலைக்கோ சம்பளத்துக்கோ இல்லை, ஒரு கணக்கு சரியாக வந்து முடியும்போது மனசு நிறைகிறது, அதனால்தான் என்று சொல்லியிருப்பாள். கிளார்க்கு அதைக் கேட்கவில்லை. இந்த மார்க்கோடு சனிக்கிழமை வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இடம் கொடுத்திருப்பார்களாம். ஃபர்ஸ்ட் குரூப் லிஸ்ட் மூடியாகிவிட்டது. ஆள் போதாமல் தேர்ட் குரூப் மட்டும் திறந்து கிடந்தது.

ஜலீலா அங்கேயே நின்று பாலக்காட்டையும் முகலாயர்களையும் மனசுக்குள் எடை போட்டாள். முகலாயர்கள் தேவலை என்று பட்டது. காலிக் கோட்டில் தன் கையாலேயே எழுதிக்கொடுத்துவிட்டு, வெளியே வந்து ஜெட்டியில் நின்று அழுதாள். பரீத் பக்கத்தில் நின்று காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அழத்தான் தோன்றியது. ஆனால் அதற்கு யாரிடம் யோசனை கேட்பது என்று தெரியவில்லை.

அன்று மாலையே நைனா வந்தார். தேர்ட் குரூப் என்று கேட்டதும் தொடையில் தட்டினார். சரிவில் வாங்குகிறவன்தான் சமர்த்தன், முதலிலிருந்தே தாம் நினைத்தது இதைத்தான் என்றார். அடுத்த ஜூனில், பாஸான பிள்ளை இருந்த ரஷீதின் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பரீதின் மகளைக் காலேஜில் சேர்த்து விட்டவரே தாம்தான் என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் வகுப்பின் கடைசி வரிசையில், பானிப்பட் யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது, நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

நைனாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கணக்கில் தொண்ணூற்றாறு என்று படித்த இடத்தில், இவளை எஞ்சினியருக்கு விட்டிருக்கலாம், பெண்பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாந்தம், செகண்ட் குரூப்பாவது எடுத்திருந்தால் டாக்டராகியிருப்பாளே என்று, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்கள் மனசில் ஒரு முடிவு ஓடியதே, ஞாபகமிருக்கிறதா? உங்களை யார் கேட்டார்கள்? அது போகட்டும். உங்கள் பக்கத்து வீட்டில் இந்த வருஷம் யாரோ பரீட்சை எழுதியிருக்கிறார்கள். எத்தனை மார்க்கு என்று விசாரிக்காமல் உங்களால் இருக்க முடிகிறதா பாருங்கள்.