ரெண்டிலொண்ணும் இரண்டு கோப்பி மெஷின்களும்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதை அவ்வளவு பாடுபடுத்துகிற மனிதர் எங்கள் டீமேக்கரைத் தவிர மலையகத்தில் வேறு எவரும் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. தீப்பெட்டி வாங்கப் போனால்கூட இரண்டு பெட்டிகளை எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு குச்சியை உரசி, எது முதலில் அணைகிறது என்று கடைக்காரரையும் சேர்த்துக் காத்திருக்க வைப்பார். எதைக் காட்டினாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "இன்னொண்ணு எடுங்க. ரெண்டுல ஒண்ணு பார்ப்போம்." அதனால் தொழிற்சாலை முழுக்க அவருக்கு 'ரெண்டிலொண்ணு' என்றே பெயர். அவருக்கும் அது தெரியும். இதைவிட நல்ல பெயர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, இதையே வைத்துக்கொண்டார்.

நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அவர் டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. நான் அதே தொழிற்சாலையில் ஆறு வருடம் கிளாக்கராக இருந்தேன். நான் சேர்ந்த முதல் மாதமே, கொட்டுகிற ஜூன் மழையில், இடது கையில் கறுப்புக் குடையும் வலது கையில் நீலக் குடையுமாக ஒரு மனிதர் பாதையின் நடுவே நடந்து வருவதைப் பார்த்தேன். பிடிக்காததைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, அட்டனில் இரண்டு கடைகளில் வாங்கி வந்த குடைகள். ஆபீசுக்குள் நுழைந்ததும் தோளைக் காட்டினார்.

"தம்பி, தொட்டுப் பாருங்க. எந்தத் தோள் நனைஞ்சிருக்கு?"

"ரெண்டும் நனைஞ்சிருக்கு ஐயா."

"நல்லாத் தொட்டுப் பாருங்க. இடது கொஞ்சம் கூட."

கறுப்புக் குடை திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் அவர் விட்டுவைக்கவில்லை. காலையில் நுவரெலியாவில் ஒரு பூசை, பிறகு வேனைப் பிடித்து வந்து எங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு பூசை. முடிந்ததும் எங்கள் ஃபாதரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரசங்கம் நல்ல சரக்கு ஃபாதர். ஆனா வாட்டம் பத்தல" என்றார். கொழுந்தை அரைப்பதற்கு முன் நன்றாக வாட்ட வேண்டும் என்பது தெரியாத ஃபாதர், தன் உடம்பு பெருத்துவிட்டதைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டார்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அவருடைய மனைவி பிலோமினா அக்காவே எனக்குச் சொன்ன கதை இது.

"ரெண்டு வீட்டுல பொண்ணு பார்த்தாருங்க தம்பி. ரெண்டு வீட்டுலயும் தேத்தண்ணி குடிச்சிட்டு, எங்க வீட்டுத் தேத்தண்ணிதான் நல்லா இருந்துச்சுன்னு என்னைக் கட்டிக்கிட்டாரு."

"அப்ப உங்க கைப்பக்குவத்துக்கு விழுந்த ஆளு!"

"அன்னைக்கு ஊத்தினது எங்க அக்கா" என்று குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு வரைக்கும் நான் சொல்லல."

இப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் ரோஸ்லின், வளைகுடா நாட்டு ஹோட்டல் ஒன்றில் ஐந்து வருடம் கோப்பி போடும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தாள். இரண்டு மாத லீவு. வந்த மூன்றாம் நாள், சாப்பாட்டு மேசையில் குண்டைப் போட்டாள். நானுஓயா ஸ்டேஷன் பாதையோரத்தில் இருந்த அவர்களுடைய வீட்டின் முன்னறை ஜன்னலைப் பெரிதாக்கி, கோப்பி விற்கப் போகிறாளாம். ரயிலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் நுவரெலியா வேனுக்காக அந்த ஜன்னலுக்கு எதிரேதான் முதுகுச் சுமையோடு நிற்பார்கள். ஏப்ரல் சீசனுக்கு முன்னால் திறந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். சரிவந்தால் இங்கேயே இருந்துவிடுவாள். சரிவராவிட்டால் ஹோட்டல்காரர்கள் டிக்கெட் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள்.

முப்பது வருடம் தேயிலை செய்த மனிதரின் வீட்டு ஜன்னலில் கோப்பி! டீமேக்கர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் தொழிற்சாலையில் என்னிடம் கொதித்தார்.

"என்னைப் பார்த்துச் சொல்றா தம்பி, 'நம்ம ஆளுங்களை இந்தியாவுல இருந்து முதல்ல கூட்டிட்டு வந்ததே கோப்பி புடுங்கத்தானே அப்பா, தேயிலை பிறகுதானே வந்துச்சு'ன்னு."

"அது உண்மைதானே ஐயா."

"உண்மைதான். அதுதான் கோபம் வருது."

அன்று மாலை வீட்டுக்குப் போய், விற்பது என்று ஆகிவிட்டால் மெஷினைத் தான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று அறிவித்துவிட்டார்.

கண்டியில் ஒரு கடையில் வீட்டுக்கு வைக்கிற எஸ்பிரெஸோ மெஷின்கள் இருந்தன. கடைக்காரரை எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள். ரோஸ்லின் கையிலிருந்த காசுக்குள் வருபவை இரண்டு மெஷின்கள்தான். ஒன்று தானாகவே எல்லாம் செய்வது. மேலே கொட்டையைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால், அரைத்து, அழுத்தி, கோப்பியாக ஊற்றிவிடும். மற்றது கையால் செய்வது. தூளைத் தனியாக அரைத்து, கைப்பிடி வைத்த சின்ன வடிகிண்ணத்தில் போட்டு, அமுக்கி, மெஷினில் மாட்டி, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

முதல் தடவை டீமேக்கர் சும்மா பார்க்கத்தான் போனார். ஆனால் இரண்டு மெஷின்களின் பின்மூடியையும் கழற்றச் சொன்னார்.

"ஐயா, புது சாமான். கழட்டுனா கேரண்டி போயிரும்" என்றார் நானா.

"அப்ப உள்ள இருக்கிறதைப் பார்க்காம எப்படி நானா வாங்குறது? சரி, இதைச் சொல்லுங்க. எங்க பக்கம் பின்னேரமானா லைட்டே மெழுகுதிரி மாதிரிதான் எரியும். அந்த நேரம் இது என்ன செய்யும்?"

நானா மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். டீமேக்கர் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டது. ரோஸ்லினுக்குக் கையால் செய்கிற மெஷின் வேண்டும். அப்பாவுக்குப் பொத்தான் மெஷின். கணக்குப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்த நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"அஞ்சு வருஷம் கையால போட்டுப் பழகினவ நானு. என்கிட்ட போய் பொத்தானை அமுக்கச் சொல்றீங்களே அப்பா!"

"பொத்தான்னா யாரு வேணும்னாலும் அமுக்கலாம். அம்மா அமுக்குவா."

"அம்மா ஏன் அமுக்கணும்? நான்தானே இருக்கப்போறேன்."

டீமேக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ போயிட்டீன்னா? ஜன்னலையும் உடைச்சுப் பெருசாக்கிட்டு, மெஷினையும் வாங்கி வச்சுட்டு, அவ அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கவா?"

பிலோமினா அக்கா அடுப்பில் இல்லாத எதையோ கிண்டினார்.

"அப்ப நான் போயிருவேன்னு முடிவே பண்ணிட்டீங்க" என்றாள் ரோஸ்லின்.

"நான் எதையும் ருசி பார்க்காம முடிவு பண்றதில்ல" என்றார் டீமேக்கர். "வர்ற சனிக்கிழமை நீயும் நானும் கண்டிக்குப் போறோம். தம்பியும் வர்றாரு."

மூன்றாவது ஆள் நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனால், அவர் ஒரு கையில் இருபது லீட்டர் கேனோடு நின்றார். வீட்டுப் பக்கத்துப் பீலியில் மலையிலிருந்து விழுகிற தண்ணீர். "எங்க தண்ணியில எப்படி ஊத்துதுன்னு பார்க்கணும்ல?" என்று கேனை என் கையில் கொடுத்தார். மறு கையில் தொழிற்சாலைப் படிக்கம். தேயிலையை ருசி பார்க்கிறவர்கள் குடிக்க மாட்டார்கள், உறிஞ்சித் துப்பிவிடுவார்கள். அப்படித் துப்புவதற்கென்றே இடுப்புச் சிறுத்து வாய் அகன்ற ஒரு தகரக் குடம் அது. ரயிலில் அதைக் காலடியில் வைத்ததுமே எதிர் சீட்டு அம்மா தோடம்பழத் தோலை உரித்து அதற்குள் போட்டார். அவர் பிள்ளைகள் நிலக்கடலைத் தொலியைப் போட்டார்கள். கொட்டகலையைத் தாண்டியபோது அது பாதி நிறைந்துவிட்டது. டீமேக்கர் மீதி வழியெல்லாம் அதன் வாயைத் தொப்பியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு போனார்.

கடையில் கழுவித் துடைத்த படிக்கத்தைக் கண்ணாடி அலுமாரிகளுக்கு நடுவே வைத்ததும் நானாவின் முகம் மாறியது. டீமேக்கர் சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்தார்.

"அஞ்சு கப் மெஷின் போடட்டும். அஞ்சு கப் மகள் போடட்டும். கப்புகளை இடம் மாத்திக் கலந்து வைங்க. நான் திரும்பி நிக்கிறேன். எது யாருதுன்னு தம்பி மட்டும் எழுதி வச்சுக்கட்டும்."

பொத்தான் மெஷின் ஐந்து கப்பையும் ஐந்து நிமிடத்தில் ஊற்றிவிட்டது. ரோஸ்லினுக்கு நேரம் பிடித்தது. புதுத் தண்ணீர், புது மெஷின். முதல் கப் தண்ணியாக ஓடிவிட்டது. அரைவையை மாற்றினாள். இரண்டாவது சொட்டுச் சொட்டாக இழுத்தது. மறுபடி மாற்றினாள். நெற்றியில் வியர்வை. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் இருந்த மிக்சி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் திரும்பி, கரண்டியில் எடுத்து உறிஞ்சினார் பாருங்கள், தகரத்தைக் கிழித்தது போல ஒரு சத்தம். அடுத்து படிக்கத்தில் 'ப்ளக்'. பாத்திரம் பார்க்க வந்திருந்த ஒரு தம்பதி கதவைத் திறந்து வெளியேறினார்கள்.

"ஐயா, ஏன் துப்புறீங்க? அவ்வளவு மோசமா இருக்கா?" நானா அழுதுவிடுவார் போலிருந்தது.

"நல்லா இருந்தாலும் துப்புவேன் நானா. பயப்படாதீங்க."

உறிஞ்சல், ப்ளக். உறிஞ்சல், ப்ளக். "இது மெஷின். இதுவும் மெஷின். இது புளிக்குது, மகளோடது. இது மெஷின். இது கசக்குது, மகளோடது." இப்படியே ஒன்பது கப். என் கையிலிருந்த துண்டுக் காகிதத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. நானா நிம்மதியாகப் பொத்தான் மெஷினின் பெட்டியைத் தேடப் போனார். ரோஸ்லின் தரையைப் பார்த்தாள்.

கடைசிக் கப். உறிஞ்சினார். நாங்கள் ப்ளக்குக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

"ஐயா விழுங்கிட்டாரு!" என்று நான் கத்தியே விட்டேன்.

டீமேக்கர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கப்பைக் கையில் எடுத்து மீதியையும் குடித்தார். பிறகு மகளிடம் கேட்டார். "இது நீ கடைசியாப் போட்டதா?"

"ஆமாப்பா."

"நானா, அந்தப் பொத்தான் பெட்டியை வைங்க. அது போட்ட அஞ்சும் ஒண்ணுபோல இருக்கு. அடுத்த வருஷமும் அப்படியேதான் இருக்கும். எங்க பக்கம் காலையில மழை, மத்தியானம் காத்து, பின்னேரம் பனி. கொழுந்து ஒருநாள் மாதிரி ஒருநாள் இருக்காது. கோப்பி மட்டும் இருக்குமா? இவ ஒரு மணி நேரத்துல திருத்திக்கிட்டா. கை மெஷினையே கட்டுங்க."

"ஐயா, அதுக்கு எப்பவும் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். ஆள் இல்லாட்டி சும்மா கிடக்கும்" என்றார் நானா, நேர்மையாக.

டீமேக்கர் மகளைப் பார்க்காமலே சொன்னார். "ஆள் இருக்கு."

ரோஸ்லின் அழுத அழுகையைப் பார்த்து நானா விலையைக் கொஞ்சம் குறைத்தார்.

ஏப்ரலுக்கு முன்னால் ஜன்னல் திறந்தது. டீமேக்கர் கோப்பி விற்கிறார் என்று தொழிற்சாலையில் கிண்டல் செய்தவர்களுக்கெல்லாம், மகள் தனக்குச் சொன்ன சரித்திரத்தையே தன் சொந்தச் சரக்கு போல எடுத்துவிட்டார். முதல் நாள் வந்த வெள்ளைக்காரர்கள் மரியாதையாகக் கோப்பியைச் சத்தமில்லாமல் குடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், பாதையில் இறங்கி உறிஞ்சிக் காட்டினார். அரை மணி நேரத்தில் வேனுக்கு நின்ற ஏழெட்டுப் பேரும் நானுஓயாவே அதிர உறிஞ்சினார்கள். "இந்தாங்க, அவங்களைக் குடிக்க விடுங்க!" என்று பிலோமினா அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினார்.

சீசன் முடிகிற வாரம் ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது. அவள் பேசி முடிக்கும் வரை அப்பா மெஷினின் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். மறுநாள் ஆபீசுக்குள் நுழைந்ததும் நேரே என்னிடம் வந்தார். "மெஷினுக்கு இன்னொரு வடிகிண்ணம் வாங்கணும் தம்பி. கூட்டம் தாங்கல" என்றார். முகம் அப்படிப் பளபளத்தது.

அடுத்த வருடம் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் ஜன்னல் வழியாக ஒரு சின்னப் பிளாஸ்கை நீட்டினார்.

"நானே போட்டது. மகளுக்குத் தெரியாம. குடிச்சுட்டு உண்மையைச் சொல்லணும்."

குடித்தேன். கரி போலக் கசந்தது. நாக்கில் தூள் ஒட்டியது. ரயில் நகரத் தொடங்கியிருந்தது. பிளாட்பாரத்தில் கூடவே நடந்துகொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்தார்.

"எப்படி தம்பி?"

"அருமை ஐயா!"

"பொய் சொல்றீங்க!" என்று சிரித்துக்கொண்டே நின்றுவிட்டார்.

அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டியபோது டிக்கெட் பார்க்க வந்தவர், வெறும் பிளாஸ்கை ஏன் மடியில் வைத்திருக்கிறீர்கள், மேலே பையோடு வைக்கலாமே என்றார். அது இன்னும் சூடாக இருந்தது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.