பெண்டிழந்தான் சுழி

செவ்வாய்க்கிழமை காலையில் நாங்குநேரி நாற்கரச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள், ஏதோ ஆட்டுச் சந்தை என்று நினைத்துக்கொள்வார்கள். சந்தை இல்லை. ஆடுகள் தங்கள் தலைவிதியைத் தெரிந்துகொள்ள வரிசையில் நின்றன. பந்தலுக்குள் சுழிச்சித்தர் மந்திரமூர்த்தி. கையில் பூதக்கண்ணாடி, நெற்றி நிறையத் திருநீறு. ஆட்டின் முதுகில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்தே, அது குடும்பத்தை வாழவைக்குமா கெடுக்குமா என்று சொல்லிவிடுவார். ராதாபுரத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து ஆடுகள் வந்தன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்கிறவர்கள்கூட, ஆட்டோடு விடியுமுன் வந்து இடம் பிடித்தார்கள்.

அந்த வரிசையில் போன வாரம் ஞானசிகாமணியும் நின்றார் என்பதுதான் வேடிக்கை. தாலுகா ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் கமிட்டி உறுப்பினர். ராகுகாலம் என்று யாராவது வாயெடுத்தால் அரைமணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டுத்தான் விடுவார். ஆனால் ஆட்டுக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஆகவே அதற்குச் சுழி பார்ப்பது பாவத்தில் சேராது என்று தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டார். ஆபீஸில் பழகிய கை.

அவர் ஆட்டுப் பண்ணை வைத்ததே திட்டத்தோடுதான். எது எப்போது சினைபிடிக்கும், எது எவ்வளவு கறக்கும், எத்தனை பெட்டைக்குட்டி மிஞ்சும் என்று கட்டம் கட்டமாக எழுதிய பலகை ஒன்று சுவரில் தொங்கியது. அந்தப் பலகையின்படி அவர் தேர்ந்தெடுத்த ஆடு எஸ்தர். நீளக் காது, ராணி நடை, சொட்டுப் பால் கிடையாது. பலகையைப் பார்க்காமல் மடியைப் பார்த்து மனைவி ரீபா வாங்கியது ரூத். வீட்டுக்குப் பால், டீக்கடைக்குப் பால், எஸ்தருக்குத் தீவனம் எல்லாம் ரூத்தின் புண்ணியம். ரூத் இல்லையென்றால் பண்ணை இல்லை. பண்ணை இல்லையென்றால் சென்னையில் மகன் வீட்டு நாலாவது மாடிதான்.

அந்த ரூத்தைத்தான் சித்தரிடம் கொண்டுபோனார்.

"பாலு எவ்வளவு கறக்கு அண்ணாச்சி?" என்று சித்தர் முதலில் விசாரித்தார். ஆட்டின் மேல் என்ன அக்கறை!

"ரெண்டு லிட்டருக்குக் குறையாது."

சித்தர் கண்ணாடியை முதுகில் ஓட்டினார். திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "பெண்டிழந்தான் சுழி! இது நிக்குத வீட்டுல பொஞ்சாதி தங்கமாட்டா. அமாவாசைக்கு முன்னால தள்ளிவிட்டுரும். அங்கன வியாபாரி நிக்காரு. தோஷம் பாக்காம வாங்கிக்கிடுவாரு, தங்கமான மனுசன்."

பந்தலுக்குப் பின்னால் குட்டியானை லோடு வண்டியோடு நின்றான் அந்தத் தங்கமான மனிதன், பேச்சிராஜ்.

ஞானசிகாமணி ரூத்தை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ரீபாவோடு காலமெல்லாம் சண்டை போட்டவர்தான். ஆனால் ரீபா இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உண்மையாகவே பயந்துபோனார். வீட்டுக்கு வந்து, "ரூத்தை வித்துருவோம்" என்றார்.

ரீபா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெண்டு நான் குத்துக்கல்லு மாதிரி இங்கன நிக்கேன். அவரு மொதல்ல என்ன கேட்டாரு?" என்றார்.

"பாலு எவ்வளவுன்னு கேட்டாரு."

"சுழி முதுகுல இருக்கு. பாலு எதுக்கு அவருக்கு?"

ஞானசிகாமணி பலகையைப் பார்த்தார். அதில் சுழிக்குக் கட்டமே இல்லை.

அடுத்த செவ்வாய் ரீபா ரூத்தை ஒட்டக் கறந்துவிட்டு, இரண்டு ஆடுகளையும் தானே ஓட்டிக்கொண்டு போனார். ஞானசிகாமணி துண்டால் தலையை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் பதுங்கினார்.

"இது சொட்டுகூடக் கறக்கல சாமி" என்று ரூத்தை முன்னால் விட்டார் ரீபா.

சித்தர் கண்ணாடியை ஓட்டினார். "ராஜ சுழி! வீட்டோட வச்சுக்கோ தாயீ, வித்துராத."

"இது ரெண்டு லிட்டர் கறக்கு" என்று எஸ்தரைக் காட்டினார்.

"ஐயையோ, பெண்டிழந்தான் சுழி!"

ரீபா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "என்னங்க, கொஞ்சம் வாங்க."

ஞானசிகாமணி துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கூட்டத்தில் சர்ச் கமிட்டிக்காரர் வேதநாயகம் வேறு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஞாயிறு தப்பாமல் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பைய நழுவிவிடலாமா என்று திரும்பினார். அங்கே பக்கத்துத் தெரு ஹமீது பீவி தன் கறவை ஆட்டின் கயிற்றைப் பேச்சிராஜ் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். குட்டி கத்தியது.

ஞானசிகாமணிக்குத் தன் மேலேயே வெட்கமாக வந்தது. துண்டை உருவினார். "நான்தான் அந்த மடையன். இதே ரூத்தைப் போன வாரம் கொண்டாந்தேன். ரெண்டு லிட்டர்ன்னு சொன்னேன், பெண்டிழந்தான் சுழின்னாரு. இன்னைக்குப் பாலு இல்லைன்னதும் ராஜ சுழியாம்!"

"சுழி எடம் மாறும் வே! அது தெய்வ ரகசியம்" என்றார் சித்தர்.

"மாறட்டும். வேதநாயகம் ஆட்டைப் பாரும். பாலைக் கேக்காமச் சொல்லும்."

சித்தர் கண்ணாடியை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். ஆடு புழுக்கை போட்டது. சித்தர் வாயிலிருந்து அதுகூட வரவில்லை.

பின்னாலிருந்து பேச்சிராஜ் பதறிக் குரல் கொடுத்தான்: "அத்தான், வண்டிய எடுக்கட்டா?"

அத்தான்! கூட்டத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லோரும் வண்டியைச் சூழ்ந்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் நிறைமடி ஆடுகள். ஹமீது பீவி தன் ஆட்டைத் தானே இறக்கினார். மைத்துனனை விட்டுவிட்டுச் சித்தர் சாலையைத் தாண்டி ஓடினார், அமாவாசைவரை காத்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் வேதநாயகம் மெல்லப் பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, இவன் கள்ளன்தான். நெசமாவே சுழி பாக்குத ஆளு டவுண்ல இருக்காராமே?"

ஞானசிகாமணி எஸ்தரின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஆடுகூடக் கொழை தழைய மோந்து பாத்துட்டுத்தான் வாய வைக்கும் வே. தாலுகாவையே மேய்ச்ச நான், மோந்து பாக்காமலே முழுங்கிட்டேன். நீராவது மோந்து பாரும்."