பெர்கனில் வெயில் அடித்த மாலை

விருந்தாளிகள் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே உட்கார வேண்டிய மாணவர்களில் ஒருவரைக்கூடக் காணோம்.

இங்குன் ஜன்னல் வழியே பார்த்தாள். காரணம் வானத்தில் தெரிந்தது. பெர்கனில் வாரக்கணக்காகப் பெய்த மழை மத்தியானம் நின்று, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் வெயில் அடித்தால் பல் பிடுங்கும் டாக்டர்கூடப் பாதியில் எழுந்து போய்விடுவார். பூங்காவெங்கும் தகர அடுப்புப் புகை, சாசேஜ் வாசனை.

மக்கள் தொடர்பு படிக்கும் பிள்ளைகளை, அந்தத் தொழிலில் இருப்பவர்களோடு ஒரு மாலை பேசவைப்பது அவள் யோசனை. ஜனவரியில் தற்காலிகமாகக் கல்லூரி அலுவலகத்தில் சேர்ந்தவள். மாணவர்களோடு மின்னஞ்சலில்தான் பழக்கம். முதல்வர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கூட்டம் களைகட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூனோடு சரி.

மத்தியானமே ஒரு சறுக்கல். ஐந்து நிறுவனங்களிலிருந்தும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் செய்தி: மேலாளருக்கு அவசர வேலை, அவருக்குப் பதிலாகச் சக ஊழியரை அனுப்புகிறோம். வந்தவர்கள் எல்லாம் இளவட்டம். இந்தத் தொழிலில் வயசே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வாங்க ஆள் வந்தாயிற்று, கடையில்தான் சரக்கு இல்லை. புருஷனுக்கு போன் போட்டாள். பஸ் ஓட்டும் டோர்லைஃப், ஷிப்ட் முடிந்த இரண்டு ஓட்டுநர்களையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஆளுக்கொரு ‘மாணவர்’ அட்டையைச் சட்டையில் குத்தினாள்.

“எனக்கு அம்பத்திரண்டு வயசு, இங்குன்,” என்றான் டோர்லைஃப்.

“இந்த நாட்டுல எந்த வயசுலயும் படிக்கலாம். சட்டையில இருக்குற பஸ் சின்னத்தக் கழட்டிட்டு உக்காரு.”

இன்னும் ஆள் போதவில்லை. கீழே காபிக்கடை நடத்தும் கெர்ட்டைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். கெர்ட் அட்டையோடு உள்ளே நுழைந்ததும், கோட்டுப் போட்ட நெட்டை விருந்தாளி கையிலிருந்த கோப்பை சாய்ந்தது. கெர்ட் அவன் முகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், எதிரே உட்கார்ந்தாள்.

குட்டு உடைந்தது என்றே இங்குன் நினைத்தாள். ஆனால் அவன் மேசையைத் துடைத்துவிட்டு, “எந்த வருஷம் படிக்கிறீங்க?” என்று மரியாதையாகக் கேட்டான்.

“முதல் வருஷம்,” என்றாள் கெர்ட், கண் சிமிட்டாமல்.

அறை புழுங்கியது. யார் தள்ளினாலும் திறக்காத ஜன்னலை அந்த நெட்டையன் போய் முழங்காலால் ஒரு முட்டு முட்டித் திறந்தான். கெட்டிக்காரன்தான் என்று இங்குன் மெச்சிக்கொண்டாள்.

கேட்பதற்குக் கேள்வி எழுதிக் கொடுத்திருந்தாள். டோர்லைஃப் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் தாமதமானால் நிர்வாகம் ஏன் ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்கிறது, டிரைவர் தூங்கிவிட்டான் என்று நேரே சொன்னால் என்ன என்று கேட்டான்.

“தூங்கினது நீதானப்பா,” என்றான் பக்கத்து ஓட்டுநர்.

எல்லோரும் அறை அதிரச் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து முதல்வர் உள்ளே வந்தார். அவருக்கு மாணவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே பரிச்சயம். விருந்தாளிகள் ஐந்து பேரும் பாடப்புத்தகம் போலப் பிசிறில்லாமல் பதில் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டார். பிறகு ஓட்டுநர் ஒருவரிடம், இன்று என்ன கற்றுக்கொண்டீர்கள் என்றார்.

“பொய்யும் சொல்லாம, உண்மையும் சொல்லாம ஒரு மணி நேரம் பேசலாம்னு கத்துக்கிட்டேன்.”

முதல்வருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இதைத்தான் நாங்கள் மூன்று வருஷம் நடத்துகிறோம் என்றார். இங்குனைக் காலையில் வந்து நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். அடுத்த வருஷமும் இதே ஆட்களை வரவழைக்கும்படி சொல்லிவிட்டு, அவரும் வெயிலுக்குப் போனார்.

எல்லோரும் கிளம்பியதும் இங்குன் நாற்காலியில் சாய்ந்தாள். கெர்ட் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வேலை கெடச்சிருச்சு, கெர்ட். ஆனா மனசு உறுத்துது. நெசமான மாணவன் ஒருத்தனாவது வந்திருக்கலாம்.”

“என்ன பொண்ணு இப்படிச் சொல்ற, எதிர்ல கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த அஞ்சும் தெனம் எங்கிட்ட இந்தக் காலேஜ் மாணவர் அட்டை காட்டிச் சலுகைக் காபி குடிக்கிறதுங்கதானே, பயிற்சிக்குப் போன எடத்துல மொதலாளிங்க வெயில் காயப் போயிட்டு இதுங்கள அனுப்பிட்டாங்களாம், நான் இதுதான் உங்க பாடம் போலன்னு நெனச்சேன்.”